கார்ன் குழுவின் முதல் ஆல்பம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொண்ணூறுகளின் ராக் இசை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் கார்ன் குழுவின் முதல் ஆல்பத்தைத் தவிர்க்கவே முடியாத ஒன்று என்று சொல்லியிருந்தீர்கள். நான் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன். கல்லூரி நாட்களில் எழுபதுகளின் ராக் அறிமுகமாகி இன்றுவரை கேட்கிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் சில மாதங்களாக ஹெட்போனில் இந்த ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறான். உங்கள் கட்டுரையும் கண்ணில் படவே, ஒரு ஞாயிறு மதியம் முழுவதும் கேட்டுவிட்டேன்.

எனக்குப் பிடிக்கவில்லை. கித்தார் உறுமிக்கொண்டே இருக்கிறது, ஒரு தனி வாசிப்புகூட இல்லை. பேஸ் கித்தார் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கிறது. பாடுபவர் முனகுகிறார், கத்துகிறார், புலம்புகிறார். துயரத்தைக் கலையாக மாற்றுவதுதானே கலைஞனின் வேலை? இங்கே துயரம் அப்படியே கொட்டிக் கிடக்கிறது. கடைசிப் பாட்டில் ஒரு மனிதர் நிமிடக்கணக்கில் தேம்பி அழுகிறார். பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டதும், அதை விற்பனைக்கு வைத்ததும் நாகரிகமா?

கடைசியாக ஒன்று. இதை என் மகன் கேட்பதைப் பற்றி நான் கவலைப்பட வேண்டுமா?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

பிடிக்காத ஒரு மணி நேரத்து ஆல்பத்தைக் கடைசி வரை கேட்டிருக்கிறீர்கள். அதுவும் மகன் கேட்கிறான் என்பதற்காக. அதற்கு முதலில் என் வணக்கம்.

இந்த இசை எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அது ஏன் இப்படி ஒலிக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். கலிஃபோர்னியா என்றதும் நமக்குக் கடற்கரையும் ஹாலிவுட்டும் நினைவுக்கு வரும். கார்ன் குழுவினர் வளர்ந்த பேக்கர்ஸ்ஃபீல்ட், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, மலையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஊர். எண்ணெய்க் கிணறுகள், பருத்தி, திராட்சைத் தோட்டங்கள், கொளுத்தும் வெயில், புழுதி. 1930-களின் பஞ்சத்தில் ஓக்லஹோமா பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நிறையக் குடியேறிய பகுதி. அந்த உழைப்பாளிகளிடமிருந்து ஒரு தனித்த நாட்டுப்புற இசைமரபே கிளம்பியது. பக் ஓவன்ஸ், மெர்ல் ஹாகார்ட் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான். கார்னின் பாடகர் ஜோனதன் டேவிஸின் அப்பா, பக் ஓவன்ஸோடு கீபோர்டு வாசித்தவர். ஆக, இசை தெரியாத ஒரு பையன் கோபத்தில் மைக்கைப் பிடித்துக் கத்திய கதை இல்லை இது. இசைக்கருவிகளுக்கு நடுவே வளர்ந்தவர் அவர். பேக்பைப் என்ற ஸ்காட்லாந்துத் துருத்தி வாத்தியத்தைப் பள்ளி நாட்களிலேயே கற்றவர்.

அப்புறம் இன்னொரு தகவல். பாடகர் ஆவதற்கு முன் அவர் கெர்ன் மாவட்டத்தில் பிணப் பரிசோதனை அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். பிணங்களைப் பதப்படுத்தும் படிப்பும் படித்தார். இருபது வயதை ஒட்டி ஒருவர் தினமும் பார்த்தது அது. கித்தார் வாசிக்கும் மங்கி, பேஸ் வாசிக்கும் ஃபீல்டி, டிரம்ஸ் வாசிக்கும் டேவிட் சில்வேரியா மூவரும் அதற்கு முன்பே வேறொரு பெயரில் குழு நடத்தியவர்கள். இன்னொரு கித்தார் கலைஞர் ஹெட்டும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். சொந்த ஊரான பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வந்திருந்தபோது மங்கியும் ஹெட்டும் ஒரு மதுக்கூடத்தில் வேறொரு குழுவோடு டேவிஸ் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, அவரைத் தங்களோடு சேர அழைத்தார்கள். 1993-இல் கார்ன் உருவானது. 1994-இல் மாலிபு மலைப்பகுதியில் இருந்த இண்டிகோ ராஞ்ச் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில், அன்று அதிகம் அறியப்படாத ராஸ் ராபின்சன் என்ற தயாரிப்பாளரோடு இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அக்டோபர் 11 அன்று வெளியானது.

சரி, உங்கள் முதல் புகாருக்கு வருகிறேன். கித்தாரும் பேஸும்.

நீங்கள் கர்நாடக இசை கேட்பவர் என்பதால் இதைச் சொல்வது எளிது. வழக்கமான கித்தாரில் ஆறு தந்திகள். ஹெட்டும் மங்கியும் வாசித்தது ஏழு தந்திக் கித்தார். 1990-இல் ஸ்டீவ் வாய் என்ற மேதைக்காக ஐபனெஸ் நிறுவனம் கொண்டுவந்த மாதிரி அது. அந்தக் கூடுதல் தந்தியை வாய் கேட்டது வாசிப்பின் எல்லையை விரிக்க. இந்த இரண்டு பேரும் அதே கருவியை வாங்கி, எல்லாத் தந்திகளையும் இன்னும் ஒரு முழு ஸ்வரம் தளர்த்தினார்கள். ஆறு தந்திக் கித்தாரின் அடித்தந்தியை சட்ஜம் என்று வைத்துக்கொண்டால் இவர்களுடைய அடித்தந்தி மந்தர ஸ்தாயி சுத்த மத்யமத்தில் நிற்கிறது. அவ்வளவு கீழே. அந்த ஆழத்தில் விரைவான ஸ்வரக் கோவைகள் தெளிவாகக் கேட்காது, கலங்கிவிடும். அங்கே எடுபடுவது தாளமும் கனமும்தான். மெட்டல் என்ற கனத்த ராக் வகையில் ஏழு தந்தியை முதலில் தொட்டவர்கள் இவர்கள் அல்ல, மார்பிட் ஏஞ்சல் என்ற குழு ஓராண்டு முன்பே அதைப் பயன்படுத்திவிட்டது. ஆனால் தனி வாசிப்பை அடியோடு விட்டுவிட்டு, அந்தக் கருவியை இந்த வேலைக்கு என்று ஆக்கியவர்கள் இவர்கள்தான்.

இனி மேல் தந்திகளைக் கேளுங்கள். அரை ஸ்வர இடைவெளியில் ஒன்றையொன்று உரசும் இரண்டு மூன்று ஒலிகள், நிற்காமல், தீராமல், ஒரு மூலையில் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். சைப்ரஸ் ஹில் போன்ற ஹிப்ஹாப் குழுக்களின் பதிவுகளில் துண்டு ஒலிகளை வெட்டி ஒட்டிச் சுழலவிடுவார்கள் அல்லவா, அந்த விளைவைக் கித்தாரிலேயே கொண்டுவர முயன்றதன் பலன் இது. மெட்டல் கித்தார் அதுவரை பெருமிதத்தோடு ஒலித்தது. வீரம், வேகம், வெற்றி. இங்கே அது காய்ச்சல் கண்ட உடம்பு போல ஒலிக்கிறது.

ஃபீல்டியின் பேஸ் தகரம் போலக் கேட்கிறது என்கிறீர்கள். ஆமாம், அப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் அமைத்திருக்கிறார்கள். கித்தார்கள் இரண்டும் பேஸ் இருக்க வேண்டிய இடத்துக்கே இறங்கிவிட்டன. அவர் என்ன செய்தார்? நடு ஒலிகளைக் குறைத்து, தந்தியைக் கட்டைவிரலால் அடித்தும் விரலால் சுண்டியும், கிட்டத்தட்ட இன்னொரு தாளக் கருவியாக ஆக்கிவிட்டார். சில்வேரியாவின் ஸ்னேர் டிரம்மும் இறுக்கி முறுக்கப்பட்டு உயரத்தில் ஒலிக்கிறது. ஆக, கீழே உறுமல், மேலே சடசடப்பு. நடுவே ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. மனிதக் குரல் வந்து நிற்கும் இடம் அது. இந்த ஆல்பத்தில் பாட்டு என்று சொல்லத்தக்க ஒன்றைச் செய்வது குரல் மட்டும்தான். மற்ற நால்வரும் தங்கள் கருவியின் இனிமையை விட்டுக்கொடுத்து அதற்கு வழிசெய்திருக்கிறார்கள். இதைத்தான் நீங்கள் கொட்டிக் கிடக்கும் துயரம் என்கிறீர்கள். எனக்கு இதில் கேட்பது மிகக் கவனமான கட்டுமானம்.

முதல் பாட்டான 'பிளைண்ட்' அதற்கு நல்ல சாட்சி. வெறும் சிம்பலில் ஆரம்பிக்கிறது. பிறகு ஒரு கித்தார், அதற்குப் பதில் போல இன்னொன்று. பிறகு பேஸ். ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், நம்மைக் காத்திருக்க வைத்து, தயாரா என்று ஒரே ஒரு கேள்வி. அதன் பிறகு எல்லாம் ஒன்றாக இறங்குகிறது. முப்பது ஆண்டுகளாக அவர்களுடைய கச்சேரிகளில் கூட்டம் அந்தக் கேள்விக்குத்தான் குதிக்கிறது.

குரலுக்கு வருவோம். டேவிஸ் இந்த ஆல்பத்தில் என்னென்ன செய்கிறார் என்று கணக்கெடுத்தால் வியப்பாக இருக்கும். கிசுகிசுக்கிறார், குழந்தை போல இழுத்துப் பாடுகிறார், உறுமுகிறார், 'பால் டங்' பாட்டில் பொருளற்ற அசைகளை வேகமாக உதறுகிறார். அந்த அசைகளை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சொல்ல வந்த விஷயத்துக்குச் சொல் கிடைக்காத கட்டத்தில் மொழி உடைந்து வெறும் ஒலியாகிறது. 'ஹெல்மெட் இன் த புஷ்' என்ற பாட்டு அன்று அந்த இளைஞர்கள் மூழ்கியிருந்த மெத் என்ற போதைப்பொருளைப் பற்றியது. போதையை இதைவிட அருவருப்பாக ஒலிக்கச்செய்த பாட்டுகள் ராக்கில் குறைவு.

'ஷூட்ஸ் அண்ட் லேடர்ஸ்' பாட்டு பேக்பைப்பில் தொடங்கி, ஆங்கிலக் குழந்தைப் பாடல்களையே வரிகளாகக் கொண்டு போகிறது. அவற்றுக்குள் கொள்ளைநோயும் சாவும் ஒளிந்திருக்கின்றன என்ற நம்பிக்கையில் எழுதியது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் பலர் அந்தக் கொள்ளைநோய் விளக்கத்தை ஏற்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டை வளர்ந்தவன் வெறிகொண்டு திருப்பிச் சொல்லும்போது நமக்குள் ஏற்படும் கலக்கம் அந்த விளக்கத்தை நம்பி நிற்பதில்லை. அட்டைப்படத்தையும் பாருங்கள். ஊஞ்சலில் ஒரு சிறுமி, வெயிலுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு யாரையோ நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த ஆளின் நிழல் மட்டும் தரையில். குழந்தை கிறுக்கியது போன்ற எழுத்தில் குழுவின் பெயர், அதில் ஓர் எழுத்து திரும்பியிருக்கிறது. ஆல்பம் எதைப் பற்றியது என்று பாட்டு தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

ஆறாவது பாட்டின் தலைப்பை நான் இங்கே எழுதவில்லை. பள்ளியில் டேவிஸைச் சக மாணவர்கள் கூப்பிட்ட வசைச்சொல் அது. கண்ணுக்கு மை இட்டுக்கொண்டதற்காக, டுரான் டுரான் மாதிரியான குழுக்களை ரசித்ததற்காக, ஆண் மாதிரி இல்லை என்று சொல்லி அடித்தார்கள், ஒதுக்கினார்கள். அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, பாட்டு முழுக்க அவர்கள் வாயில் இருந்ததைத் தன் வாயால் சொல்கிறார். 1994-இல் மெட்டல் என்பது ஆண்மையைக் காட்டிக்கொள்ளும் களம். அந்த மேடையில் நின்று, என்னை இப்படி அழைத்தார்கள், நான் பயந்தேன் என்று ஒருவர் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஆல்பத்தில் கோபம் உண்டு. அந்தக் கோபம் அடி வாங்கியவருடையது.

பின்னால் வந்தவர்களில் பலர் தவறவிட்டது இதைத்தான். தாழ்ந்த கித்தார், ராப் சாயல், அகலமான கால்சட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். கோபத்தையும் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அதை அடிப்பவனுடைய கோபமாக மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் நடந்த 1999 வுட்ஸ்டாக் இசைவிழாவில் கூட்டம் எப்படி வன்முறைக் கும்பலாக மாறியது என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்கள் மீது நடந்த கொடுமைகளையும் சேர்த்தே சொல்கிறேன். கார்னும் அந்த விழாவில் வாசித்தது. அந்த அலையின் தொடக்கத்தில் இருந்த ஆல்பம் இது என்பதால், அலை கொண்டுவந்த குப்பையையும் இதன் தலையில் ஏற்றுகிறோம். உங்கள் 'புலம்பல்' என்ற விமர்சனம் அந்தப் பிந்தைய ஆல்பங்களில் பலவற்றுக்குச் சரியாகப் பொருந்தும். இதற்குப் பொருந்தாது.

கடைசிப் பாட்டு, 'டாடி'. இதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

தலைப்பைப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பற்றிய பாட்டு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். டேவிஸ் அதைத் தெளிவாக மறுத்திருக்கிறார். சிறுவனாக இருந்தபோது குடும்பத்துக்குத் தெரிந்த வேறொருவரால் தான் பாலியல் கொடுமைக்கு ஆளானதையும், வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை என்பதையும் அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பாட்டின் நடுவே அவர் கொடுமை செய்த அந்த ஆளின் குரலுக்கு மாறுகிறார். தலைப்பில் இருக்கும் சொல் அந்த ஆள் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் சொல். கேட்கவே கூசும் இடம் அது. கூச வேண்டும்.

இதில் கலை எங்கே என்று கேட்டீர்கள். பாட்டின் முதல் நொடிகளுக்குப் போங்கள். வாத்தியங்கள் ஏதும் இல்லை. ஒரே குரல் பல அடுக்குகளாக, தேவாலயத்துப் பிரார்த்தனை போல ஒலிக்கிறது. தாயிடம் மன்னிப்புக் கேட்கிறது. கொடுமைக்கு ஆளான பிள்ளை மன்னிப்புக் கேட்கிறது! அதன் பிறகுதான் கித்தார்கள் நுழைகின்றன. பிள்ளையின் குரல், கொடுமைக்காரனின் குரல், மறுபடி பிள்ளை. பிறகு சொற்கள் வசையாகி, வசை அலறலாகி, அலறல் அழுகையாகிறது. அவர் உடைந்த பிறகும் மற்ற நால்வரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. மெதுவாக, தாழ்வாக வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பெண் குரல் தாலாட்டு போல எதையோ பாடுகிறது. அழும் மனிதரைத் தனியே விட்டுவிட்டு யாரும் போகவில்லை. நான் இந்தப் பாட்டை மதிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ராபின்சன் பதிவை நிறுத்தியிருக்க வேண்டுமா? பாடகர்களை மனத்தளவில் விளிம்புவரை தள்ளிப் பதிவு செய்பவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்த முறையை நான் பொதுவில் ஆதரிக்க மாட்டேன். ஒருவருடைய காயத்தைக் குத்திக் கிளறி நல்ல பதிவு வாங்குவது எனக்கு உவப்பில்லை. ஆனால் இந்தப் பாட்டை அவர் கிளறி எடுக்கவில்லை. ராபின்சனோடு இந்த ஆல்பத்துக்காக மாலிபு போவதற்கு முன்பே, 1993-இல் குழு தயாரித்த மாதிரிப் பதிவிலேயே இதன் முந்தைய வடிவம் இருந்தது. டேவிஸ் சொல்ல முடிவு செய்து எழுதிக்கொண்டு வந்த விஷயம் அது. சிறு வயதில் சொன்னதை நம்பாதவர்கள் உண்டு என்றால், இந்த முறை நம்பாமல் இருக்க வழியே இல்லாதபடி சொல்லியிருக்கிறார். அந்த அழுகையை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வெளியிட்டிருந்தால், அவர் சொன்னதில் பாதியை மறுபடியும் மறைத்தது போல ஆகியிருக்கும். ஆகவே பதிவை ஓடவிட்டதும் அதை வைத்துக்கொண்டதும் சரி என்றே நினைக்கிறேன். அவர்கள் அதை மேடைக் காட்சியாக்கி விற்கவும் இல்லை. ஆல்பத்தின் 20 ஆண்டு நிறைவையொட்டி முழு ஆல்பத்தையும் வாசிக்கும் வரை இந்தப் பாட்டை மேடையில் தவிர்த்தே வந்தார்கள்.

நாகரிகக் குறைவு ஒன்று உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டு முடிந்து நீண்ட அமைதிக்குப் பிறகு, ஒரு தம்பதி காரின் உதிரிபாகம் ஒன்றைப் பற்றிக் கத்திச் சண்டைபோடும் ஒலிப்பதிவு வேடிக்கைக்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அன்றைய குறுந்தகடுகளில் இப்படி மறைத்து வைப்பது ஒரு பழக்கம். அந்த அழுகைக்குப் பிறகு அதைச் சேர்த்திருக்கவே கூடாது. நான் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறேன்.

இந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 72-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. வானொலி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மெகாடெத், ஆஸி ஆஸ்பார்ன் போன்ற பெரியவர்களின் கச்சேரிகளுக்கு முன்வாசிப்புக் குழுவாக ஊர் ஊராகப் போனார்கள். அப்படியே மெல்ல மெல்லப் பரவி, ஐந்தாண்டில் அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. விளம்பரம் செய்து தள்ளிவிட்ட பொருளாக இருந்தால் முதல் மாதத்தில் ஏறி மறு மாதத்தில் காணாமல் போயிருக்கும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக் கொண்டுபோன ஆல்பம் இது.

உங்கள் மகன். இந்த ஆல்பத்தைக் கேட்பதே கவலைக்குரிய அறிகுறி என்று நான் நினைக்கவில்லை. இதன் தாளமும் கனமும் பதினாறு வயது உடம்புக்கு நேரடியாகப் பிடித்துப்போகும், அவ்வளவுதான் விஷயமாகவும் இருக்கலாம். ஆனால் இதில் பள்ளியில் படும் அவமானம் இருக்கிறது, போதை இருக்கிறது, சிறு வயதுக் கொடுமை இருக்கிறது. ஏதோ ஒரு பாட்டு அவனுக்கு வேறு காரணத்தால் நெருக்கமாக இருக்கவும் கூடும். அதைத் தெரிந்துகொள்ள ஹெட்போனைப் பிடுங்குவது உதவாது. எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேளுங்கள், ஏன் என்று உடனே கேட்காதீர்கள். நீங்கள் முழுவதும் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள், பிடிக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். 'பிளைண்ட்' தொடக்கத்தில் வரும் கித்தார் எத்தனை கட்டை கீழே இருக்கிறது என்று அவனிடம் கேட்டால், அநேகமாக அவனே உங்களுக்கு விளக்கிச் சொல்வான். எழுபதுகளின் ராக் பற்றி நீங்களும் அவனுக்குச் சொல்லலாம். ஆறாவது பாட்டைப் பற்றி அவனாகப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். 'டாடி' எதைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்.